அடித்தண்ணீர்

“ஏம்மா, இத்தனை தண்ணியும் யாருக்கு?”

கேட்டவள் டார்ச்சம்மா. கொளுத்துகிற வெயிலில், பட்டப்பகலில், கையில் டார்ச் விளக்கோடு வீடு வீடாக நுழைகிற ஒருத்திக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சுகாதார ஆபீசிலிருந்து வருகிறவள். தோளில் ஒரு பை, பைக்குள் நீளக் காம்பு வைத்த கரண்டி, கையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ். தண்ணீர் நிற்கிற எதைப் பார்த்தாலும் குனிந்து டார்ச் அடிப்பாள். பார்த்து முடித்ததும் கதவில் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போவாள்.

அந்தக் கேள்விக்கு ஆளானவள் தண்ணியக்கா, பஞ்சர்காரரின் மனைவி. ரோட்டைப் பார்த்துப் பஞ்சர் கடை, கடைக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம் அளவுக்கு ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம். முற்றம் முழுக்க ட்ரம். நீல ட்ரம், வெள்ளை ட்ரம், பெயின்ட் வந்த வாளிகள், மூலையில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி. கால் வைக்கப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

“தெருவுக்கு” என்றாள் தண்ணியக்கா. சொல்லும்போதே கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

நிமிரத்தான் செய்யும். மழை முகம் காட்டி வெகுநாளாகிவிட்டது. வானம் தினமும் கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீர் விடுகிறவருக்கே தெரியாது. இரண்டு நாளில் வரும், ஒரு வாரம் ஆனாலும் வராது. வந்தால் காலைப் பத்து மணிக்கு மேல், எல்லாரும் வேலைக்குப் போன பிறகுதான் வரும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வேவு பார்த்துத் திறந்துவிடுவது போல.

அதனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பஞ்சர் கடைச் சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு சாவியும் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தில் தொங்கும். தண்ணீர் வந்த சத்தம் கேட்டதும் தண்ணியக்கா சாவிக் கொத்தை அள்ளிக்கொண்டு ஓஸ் பைப்பை இழுத்து, வீடு வீடாகத் திறந்து நிரப்பிவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டு வருவாள். அதற்கு மேலும் தண்ணீர் வந்தால் தன் முற்றத்து ட்ரம்களில் பிடித்து வைப்பாள். நடுவில் யாருக்குத் தீர்ந்து போனாலும் குடத்தோடு முற்றத்துக்கு வரலாம். கேட்க வேண்டியதில்லை.

தண்ணியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். பஞ்சர்காரருக்கு மட்டும் அதில் மனத்தாங்கல்.

“நியாயமாப் பார்த்தா அந்தப் பேரு எனக்கில்ல வரணும்? கல்யாணத்துக்கு முன்னாடி நான் போட்ட தண்ணிக்கு. கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச பேரு. நான் விட்ட மறுவருஷமே இவ தட்டிக்கிட்டா.”

“மானத்தை வாங்காதீங்க” என்பாள் இவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டார்ச்சம்மா ஒவ்வொரு ட்ரம்மாகக் குனிந்தாள். ட்ரம்களின் வாயில் பழைய வேட்டித் துணி கட்டி, டியூபிலிருந்து வெட்டிய பெரிய ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கியிருப்பாள் தண்ணியக்கா. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் அந்த வளையங்களை ஒன்று விடாமல் மாட்டுவாள். பகலில் ஆளாளுக்கு வந்து மொள்ள வசதியாக எல்லாம் கழற்றிக் கிடக்கும். கொசு வருகிற நேரம் சாயங்காலம்தானே.

சிமென்ட் தொட்டியில் கரண்டியை விட்டு எடுத்த டார்ச்சம்மா, அதைத் தண்ணியக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பாருங்க. துள்ளுது.”

“அது தண்ணிப்பூச்சி மேடம். நல்ல தண்ணியிலதான் இருக்கும்.”

“ஆமா, நல்ல தண்ணியிலதான் இருக்கும். சாக்கடையில இது வராது. இன்னைக்கு வாலை ஆட்டுது, ரெண்டு நாள்ல ரெக்கை வந்து பறந்துடும். அடிக்கிற வெயிலுக்கு முட்டையிலேர்ந்து கொசுவாக ஒரு வாரம் போதும். சூடு ஏற ஏற அதுக்குக் கொண்டாட்டம்.”

“மழையே இல்லாத ஊர்ல ஏது மேடம் கொசு?”

“மழை இல்லைன்னுதானே நீங்க புடிச்சு வைக்கிறீங்க? அதுக்கு மழை எதுக்கு. நீங்க போதும்.”

தண்ணியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து டார்ச்சம்மாவின் கண் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்கள்மீது போயிற்று. பஞ்சர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்து நின்றார்.

“கைவிட்டுப் பாருங்க மேடம். தூசி இருக்கும், ஒரு பல்லி இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா நான் கடையை மூடிடறேன்.”

“ஒரு மழை வந்தா எல்லாம் ரொம்பிடும்ல?”

“மழை வந்தா நான் முதல்ல ரோட்டுல விழுந்து உருளுவேன். எழுந்திரிச்சு வந்து டயரைக் கவுத்து வைக்கிறேன். போதுமா?”

டார்ச்சம்மாவே சிரித்துவிட்டாள். போகும்போது தண்ணியக்காவிடம், “வாரத்துக்கு ஒரு நாள் எல்லாத்தையும் கொட்டுங்க. உள்பக்கம் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. காயவச்சு அப்புறம் புடிங்க. பகல்லயும் மூடியே வைங்க” என்று சொல்லிவிட்டு, கதவில் கிறுக்கிவிட்டுப் போனாள்.

கொட்டுங்க என்ற சொல் விழுந்ததுமே தண்ணியக்காவின் காது அடைத்துவிட்டது. பிறகு சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அவள் ஆயுளில் தண்ணீரைக் கொட்டியதில்லை. ட்ரம்மில் முக்கால்வாசி தீர்ந்ததும் புதுத் தண்ணீர் வரும், பழையதன் மேலேயே பிடிப்பாள். அடித்தண்ணீர் அப்படியே கிடக்கும். அடியில் கொஞ்சம் இருந்தால்தான் மனசு நிம்மதி. அடுத்த தடவை தண்ணீர் வராமலே போய்விட்டால்?

ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தண்ணீரை எல்லாம் மொண்டு துணி அலசி, தரை கழுவி, மீந்ததை ரோட்டோர மரத்துக்கு ஊற்றினாள். ஊற்றும்போது வயிறு எரிந்தது. ட்ரம்களைக் கவிழ்த்து, தொட்டால் சுடுகிற வரைக்கும் வெயிலில் காயவைத்தாள். தேய்க்கவில்லை. தேய்த்தால் அலச வேண்டும், அலச இன்னொரு குடம் வேண்டும். எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிற ட்ரம்மில் என்ன இருக்கப்போகிறது?

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் ததும்பத் ததும்ப நிரப்பினாள்.

*

எதிர் வீட்டில் தையல்காரி. துணிக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தால் வாயில் பாதிச் சோற்றோடு ஓடுவாள், இருட்டுகிற நேரத்தில் தலைமுடியிலும் தோளிலும் நூல்பிசிறு ஒட்டிக்கொண்டு திரும்புவாள். புருஷன் தூரத்தில் வேலை. போனிலேயே குடும்பம் நடத்துகிற ஆள். அவளுக்கு ஒரே பெண், வாண்டு. இரண்டாவது படிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஞ்சர் கடைதான். தண்ணியக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் அந்தத் தெருவில் பேசுவதில்லை, ஏனென்றால் வாண்டு பேச விடாது.

“பெரியம்மா, இன்னைக்கு எத்தனை பஞ்சர்?”

“நிறைய. கையைக் கழுவிட்டு வா, முட்டை அவிச்சு வச்சிருக்கேன்.”

“பெரியப்பா சாப்பிட்டாரா என் முட்டையை?”

“மஞ்சக்கரு மட்டும்தான் சாப்பிட்டேன்” என்பார் பஞ்சர்காரர், கம்ப்ரஸரைத் தட்டிக்கொண்டே.

“பொய்! பெரியம்மா, பொய்தானே?”

டியூபில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை தண்ணியக்காவுடையது. காற்றடைத்த டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கித் திருப்பிக்கொண்டே வருவாள். குமிழி வருகிற இடத்தில் வாண்டு விரலை வைத்து, “மாட்டுச்சு!” என்று கத்தும். தண்ணீரில்கூடத் தெரியாத நுண்ணிய ஓட்டை என்றால், டியூபைக் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்து மெல்லத் திருப்புவாள். ஈ மூச்சு விடுவது போல ஒரு காற்று தட்டும். அதுதான் இடம். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வேலை இல்லாத நேரம் வாண்டுக்கு முற்றம். ட்ரம்களுக்கு நடுவே தார்ப்பாய் நிழல் விழும், கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும். அங்கே ஒரு பழைய டயரைப் படுக்கப் போட்டு, அதற்குள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதும். அவ்வப்போது காலைச் சொறியும்.

அந்த வெயில் காலத்தில் முதலில் கரண்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தார். வெளியூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்த மனிதர், வந்த மறுநாளே உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்று படுத்தார். அவருக்கு ஒரு வாரம் தண்ணியக்காதான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து முற்றத்துக்கு வந்து, “உங்க தண்ணியைக் குடிச்சுத்தான் பொழைச்சேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கோடி வீட்டில் ஒருத்திக்கு வந்தது. பிறகு ஒரு நாள் வாண்டு முட்டையைத் தொடவில்லை.

“வேணாம் பெரியம்மா. கண்ணு பின்னாடி வலிக்குது.”

“கண்ணு பின்னாடியா? அங்க என்னடி இருக்கு வலிக்க?”

கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை கொதித்தது.

டாக்டர் மருந்து கொடுத்தார். நிறையத் தண்ணீர், கஞ்சி கொடுக்கச் சொன்னார். “காய்ச்சல் விடுற நேரம்தான் முக்கியம். விட்டுடுச்சேன்னு அசந்துடாதீங்க. வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆனா உடனே தூக்கிட்டு வாங்க” என்றார். தையல்காரி லீவு போட்டாள், இன்னும் ஒரு நாள் போட்டாள். காய்ச்சல் ஒரு காலையில் சட்டென்று விட்டது. தெருவே மூச்சு விட்டது. வாண்டு பன் கேட்டது. பஞ்சர்காரர் ஓடிப்போய் வாங்கி வந்தார், கூடவே தனக்கும் ஒன்று.

“அக்கா, இன்னைக்கும் போகலைன்னா கம்பெனியில வேற ஆளை உட்கார வச்சுடுவாங்க. பார்த்துக்குறீங்களா?”

“இதையெல்லாம் கேக்கணுமாடி? போயிட்டு வா.”

தையல்காரி சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

பன் பாதியிலேயே கிடந்தது. மத்தியானம், ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு இருவரும் வேலையில் இருந்தபோது, வாண்டு கடைப் பெஞ்சில் சுருண்டு படுத்து, “பெரியம்மா, வயிறு” என்றது. அந்தக் குரல் சரியில்லை. தண்ணியக்கா சேலையில் கையைத் துடைத்துவிட்டு அதன் கையைப் பிடித்தாள். இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்த டியூப் மாதிரி இருந்தது கை. மூக்கோரம் ஒரு சிவப்புக் கோடு.

“ஏங்க!”

அவ்வளவுதான் கூப்பிட்டாள். பஞ்சர்காரர் டயர் நெம்புகிற லீவரைக் கீழே போட்டார். லாரி டிரைவர், “அண்ணே, சக்கரம்…” என்று இழுத்தார்.

“சக்கரம் ஓடிப்போகாது. கடையைப் பார்த்துக்க.”

ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் பிள்ளையைச் சொருகிக்கொண்டு போனார்கள். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே போனார். “வாண்டு, தூங்காத. பெரியம்மா எத்தனை முட்டை வச்சிருக்கா சொல்லு? நான் எல்லாத்தையும் தின்னுடுவேன். கேக்குதா? மஞ்சக்கரு மட்டும் இல்ல, எல்லாத்தையும்.” பதிலே வரவில்லை. அவர் காது மடல் நனைந்திருந்ததைத் தண்ணியக்கா பின்னாலிருந்து பார்த்தாள். வியர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தையல்காரி நூல்பிசிறோடு ஓடிவந்தபோது, டாக்டர், “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். இவங்க கொண்டாந்தது புண்ணியம்” என்றார். தையல்காரி தண்ணியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“வீட்டுப் பக்கம் எங்கயாவது தண்ணி தேங்குதா?” என்று டாக்டர் கேட்டார்.

“தண்ணியே வர்றதில்லை டாக்டர். தேங்குறதுக்கு எங்க போறது?” என்றாள் தையல்காரி.

தண்ணியக்கா தன் கையை உருவிக்கொண்டாள். ஏன் உருவினாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

*

மறுநாள் டார்ச்சம்மா ஆட்களோடு வந்தாள். புகை அடிக்கிற மெஷின் ஒன்று தெருவை இருமிக்கொண்டே சுற்றியது. வக்கீல் வாசலில் வந்து நின்றார். அவர் வக்கீல் இல்லை. கோர்ட்டை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? டயரு! அந்தக் குப்பையை அள்ளாம புகையை அடிச்சா என்ன, சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தினா என்ன?”

“யோவ், உள்ள கையை விட்டுப் பாருய்யா!” என்று பஞ்சர்காரர் பாய்ந்தார்.

“நான் எதுக்குய்யா விடணும்? பாம்பு இருந்தா?”

“உன்னைக் கடிச்சா பாம்புதான்யா சாகும்!”

முற்றத்தில் டார்ச்சம்மா நீல ட்ரம்மில் கரண்டி விட்டாள். துள்ளின. வெள்ளை ட்ரம்மில் விட்டாள். அதிலும்.

“மேடம், நான் கொட்டினேன்!” என்றாள் தண்ணியக்கா. “நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் கொட்டிக் காயவச்சேன். அந்த மரத்தைக் கேளுங்க, அது சொல்லும். அப்புறமும் வருதுன்னா என்கிட்டேர்ந்து வரலை.”

“தேய்ச்சீங்களா?”

தண்ணியக்கா ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

டார்ச்சம்மா வெளிச்சத்தைத் தண்ணீருக்கு மேலே, ட்ரம்மின் உள்சுவரில் பிடித்தாள். மிளகை இடித்துத் தூவிய மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தண்ணியக்கா கையை விட்டுக் கட்டை விரலால் தடவினாள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் நரநரவென்று தட்டியது. கன்னத்தால் காற்றைக் கண்டுபிடிக்கிறவளுக்கு விரலில் தட்டுவது புரியாமல் போகுமா? விரலை எடுக்காமல் சுற்றிலும் தடவிக்கொண்டே போனாள். தண்ணீர் எந்தெந்த மட்டத்தில் நின்றதோ அங்கெல்லாம் ஒரு வரி ஓடியது.

“முட்டையை அது தண்ணிக்குள்ள போடாது. தண்ணிக்கு மேல ஈரச் சுவர்ல ஒட்டி வைக்கும்” என்றாள் டார்ச்சம்மா. “காஞ்சாலும் சாகாது. மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். நீங்க திரும்ப ரொப்புறீங்கள்ல, தண்ணி ஏறி வந்து தொட்டதும் முழிச்சுக்கும். தினம் தண்ணி வந்தா நீங்க எதுக்குப் புடிக்கப் போறீங்க. அது என்னைக்கோ வர்றதுதான் இதுக்கு வசதி.”

“சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் மூடிடுவேனே மேடம்.”

“இது பகல்ல கடிக்கிற ஜாதிம்மா. விடிஞ்சதும் ஒரு வேளை, பொழுது சாயறதுக்கு முன்னாடி ஒரு வேளை. நிழலாப் பார்த்து உட்கார்ந்திருக்கும். காய்ச்சல்காரரைக் கடிச்சிட்டு அடுத்த ஆளைக் கடிச்சா முடிஞ்சுது.”

தார்ப்பாய் நிழலில் அந்த டயர் படுத்துக் கிடந்தது. உள்ளே வாண்டுவின் பென்சில் ஒன்று.

“அப்போ நான்தானா?”

டார்ச்சம்மா டார்ச்சை அணைத்தாள். “இந்தத் தெருவுல பாதி வீட்டுல இருக்கு. இங்க ஜாஸ்தி. தண்ணி இங்கதானே ஜாஸ்தி.” டார்ச்சைப் பைக்குள் போட்டாள். “எங்க வீட்டு வாளியிலயும் ஒரு தடவை இருந்துச்சு. இதைச் சொல்லிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துற என் வீட்டுலயே. தேய்ச்சுடுங்க.”

அவர்கள் போன பிறகு தண்ணியக்கா ட்ரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பஞ்சர்காரர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் குந்தினார். வெகுநேரம் ஊதி ஊதிக் குடித்தார்.

“நான் ஒண்ணு சொல்லவா? டயருதான்னு சொல்லிடலாம்.”

“என்ன?”

“ஊரே நம்புது. வக்கீல் தீர்ப்பே கொடுத்துட்டான். நான் டயரையெல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பிடறேன். பத்து நாள் திட்டுவாங்க. எனக்குத் திட்டு வாங்கி நல்ல பழக்கம். உனக்குப் பழக்கமே இல்லியே.”

தண்ணியக்கா அவரைப் பார்த்தாள். மூக்கு நுனியில் சொல்யூஷன் பசை ஒட்டியிருந்தது. இந்த மனுஷன் ஒரு ஓட்டை டயரைக்கூடத் தூக்கிப் போட மனசில்லாமல் அடுக்கி வைக்கிறவர்.

“உள்ள பல்லிதான் இருக்குன்னு நீங்க சொன்னது நிஜம்தானே?”

“பல்லி நிஜம்.”

“அப்போ பல்லி மேல பழி போட வேணாம்” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகை முந்திக்கொண்டது. முதுகில் கை வைப்பதா வேண்டாமா என்று அவர் தன் கரிக்கையைப் பார்த்தார். பிறகு வைத்தார். ரவிக்கையில் ஐந்து விரலும் அச்சாக விழுந்தது.

*

ஆஸ்பத்திரியில் வாண்டு எழுந்து உட்கார்ந்திருந்தது. தையல்காரி கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. “பெரியம்மா, ஊசி போட்டாங்க, நான் அழலை” என்றது. “கொஞ்சம் அழுதா” என்றாள் தையல்காரி. முகத்தில் எத்தனையோ நாளைக்கப்புறம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று தண்ணியக்காவுக்கு இருந்தது. புருஷனை விட்டால் தனக்கு இருப்பது இந்தத் தாயும் பிள்ளையும்தான்.

“கொஞ்சம் வெளிய வாடி.”

படிக்கட்டில் நின்று சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. கொட்டினது, காயவைத்தது, தேய்க்காமல் விட்டது, விரலில் தட்டியது, பகலில் மூடாதது, எல்லாவற்றையும் சொன்னாள்.

தையல்காரி கையில் இன்னும் கஞ்சி டம்ளர் இருந்தது.

“வாண்டு எங்க உட்காருவா அக்கா?”

“ட்ரம் பக்கத்துல. நிழல்ல.”

“டார்ச்சம்மா முதல் தடவை வந்தப்பவே தேய்க்கச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. என் காதுல ஏறலை. தண்ணி வீணாப் போகுதேன்னு…”

“தண்ணி வீணாப் போகுதுன்னு” என்று தையல்காரி திருப்பிச் சொன்னாள், மெதுவாக, துணியை மடிப்பது போல. பிறகு உள்ளே போனாள். கதவு தானாகவே ஆடி ஆடி மூடிக்கொண்டது.

வாண்டு வீட்டுக்கு வந்த அன்று தையல்காரி கடைக்கு வந்தாள். பஞ்சர்காரர், “வாம்மா, புள்ளை எப்படி…” என்று ஆரம்பித்தார். அவள் சுவரிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ஆணி மட்டும் நின்றது.

*

தண்ணியக்கா தேய்த்தாள். டியூபைச் சுரண்டுகிற கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, தலையை ட்ரம்முக்குள் விட்டு, வரி வரியாகத் தேய்த்தாள். உள்ளே அவள் மூச்சே அவளுக்கு இரைச்சலாகக் கேட்டது. தேய்த்து, அலசி, அலசின தண்ணீரை வெயிலில் காய்கிற மண்ணில் வீசி ஊற்றினாள். வயிறு எரியவில்லை. பஞ்சர்காரர் சிமென்ட் தொட்டியைச் சம்மட்டியால் உடைத்தார். ட்ரம்களின் அடியில் ஓட்டை போட்டு, டியூப் ரப்பரில் வாஷர் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் பொருத்தினார். மொள்ள வருகிறவர்கள் இனி மேலே திறக்க வேண்டியதில்லை. துணியும் வளையமும் பகலிலும் இருக்கும்.

“வாழ்நாள் பூரா ஓட்டையை அடைச்சேன்” என்றார். “உனக்காக இப்போ ஓட்டை போடறேன் பாரு.”

தெருவுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. அவளே சொன்னாள், மொள்ள வந்த ஒவ்வொருவரிடமும். கரண்டுக்காரர், “உங்க தண்ணிதான் பொழைக்க வச்சுதுன்னு சொன்னேனே அக்கா, அதை வாபஸ் வாங்கணுமா?” என்று கேட்டார். சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். சிலர் பிரஷ்ஷை இரவல் கேட்டார்கள். வக்கீல் மட்டும் விடவில்லை. “ட்ரம் ஒரு குற்றவாளின்னா, டயர் ரெண்டாவது குற்றவாளி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாண்டு இப்போது பள்ளிக்கூடம் விட்டு வக்கீல் வீட்டுக்குப் போயிற்று. தையல்காரி அங்கே விடச் சொல்லியிருந்தாள். சாயங்காலங்களில் எதிர்ச்சாரியிலிருந்து சத்தம் கேட்கும்.

“தாத்தா, முட்டையில மஞ்சக்கரு யாருக்கு?”

“எதுக்கு உனக்கு? ஆதாரம் இருக்கா?”

தண்ணியக்கா டியூபை வாளித் தண்ணீரில் அமுக்குவாள். குமிழி வரும். விரல் வைக்க ஆள் இல்லாமல் குமிழி வந்து வந்து உடையும். பஞ்சர்காரர் ஒரு தடவை குனிந்து விரலை வைத்து, “மாட்டுச்சு” என்று சொல்லிப் பார்த்தார். இருவருமே சிரிக்கவில்லை.

ஒரு நாள் பத்து மணிக்குக் குழாய் கர்ரென்று இரைந்தது. சாவிகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லா வீட்டையும் நிரப்பினாள். தையல்காரி வீட்டு வாசலில் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டு தொங்கியது. தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய் ஒரு புதுக் குடத்தைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, வாயில் துணி கட்டி, வளையம் போட்டு இறுக்கி, அந்த வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தாள். குடம் வாசலில் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் காலை. வெயில் அப்போதே சுள்ளென்று ஏறியிருந்தது. கடையில் தண்ணியக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். தையல்காரி வந்தாள், ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஒரு கையில் வாண்டு. பள்ளிக்கூடம் லீவு போல. பிள்ளை மெலிந்திருந்தது. கையை உதறிக்கொண்டு ஓடிவந்து பெஞ்சில் ஏறி, “பெரியம்மா, தாத்தா முட்டையே வைக்க மாட்டேங்கறாரு” என்றது.

தையல்காரி நிற்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து நேரே முற்றத்துக்குப் போனாள். தண்ணியக்கா பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றாள். தையல்காரி நீல ட்ரம்மின் வளையத்தைக் கழற்றினாள். துணியை எடுத்தாள். கையை உள்ளே விட்டு, கட்டை விரலால் தண்ணீருக்கு மேலே சுவரைத் தடவினாள். மெதுவாக, ஒரு முழுச் சுற்று. விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளை ட்ரம்முக்குப் போனாள். அடுத்ததற்குப் போனாள்.

தார்ப்பாய் நிழலில் டயர் இல்லை. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கடைசி ட்ரம்மில் துணியைப் போட்டு, வளையத்தை இழுத்து மாட்டினாள். ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்ததை விரலால் கீழே தள்ளி இறுக்கினாள்.

ரோட்டில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. தையல்காரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடை வழியாக வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்தாள். காலியாக நின்ற ஆணியில் மாட்டினாள். ரப்பர் வளையத்தில் சாவி இரண்டு ஆட்டம் ஆடியது. அது நிற்பதற்குள், யாரையும் பார்க்காமல், அவள் ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள்.